அடுக்களைத் தமிழும் இணையவழி உறவும்: கைப்பக்குவம் சொல்லாகும் விதம்

முன்னுரை

வீட்டுச் சமையல் நாள்தோறும் பிறந்து நாள்தோறும் மறையும் ஒரு படைப்பு. கவிஞர் இயற்றியது ஏட்டில் நிற்கும். சிற்பி வடித்தது கல்லில் நிற்கும். அடுக்களையில் ஒருவர் படைத்ததோ உண்டு முடித்த அளவில் இல்லாமற் போகிறது. அதனாலேயே அதனைப் படைப்பு என்று கருதும் வழக்கமும் நம்மிடையே அருகியே காணப்படுகிறது. ஆயினும் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் அறிவிலும் மொழியிலும் கணிசமான ஒரு பகுதி அடுக்களையிலேயே தங்கியுள்ளது. தாய் பேசிய தமிழை மகள் வேறெங்கும் பேசாத நிலை ஏற்பட்ட பின்னரும், சமையல் பற்றிய உரையாடலில் அத்தமிழ் சிலகாலம் நிலைத்திருப்பதை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் காணலாம்.

கடந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இச்சமையலறிவு இணையத்தின்வழிப் பயணம் செய்யத் தொடங்கியுள்ளது. காணொளி அழைப்பு, குரல்பதிவு, குடும்பக் குழுக்களில் பகிரப்படும் படங்கள் எனப் பல வடிவங்களில் அது நிகழ்கிறது. இதனை வெறும் பொழுதுபோக்கு என்றோ, மரபின் சிதைவு என்றோ கருதுவோர் உளர். இக்கட்டுரை வேறொரு கருத்தை முன்வைக்கிறது. அருகில் இருந்தவரை சொல்லப்படாமலே இருந்த கைப்பக்குவ அறிவைத் தொலைவு சொற்களாக்குகிறது என்பதும், அச்சொற்களைக் காப்பது தமிழாசிரியரின் அக்கறைக்குரிய பணி என்பதும் அக்கருத்தாகும்.

1. அடுக்களைச் செய்தி: ஒரு பழைய சான்று

தொலைவில் வாழும் மகளின் சமையல் தாய்க்குச் செய்தியாவது புதிய நிகழ்வன்று. குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் இயற்றியது, இதற்குத் தக்க சான்றாகும். தலைவி கட்டித்தயிரைத் தன் மெல்விரல்களால் பிசைகிறாள். அவ்விரல்களைத் துடைத்த ஆடையைக் களைந்து துவைக்காமல் அப்படியே உடுத்துக்கொள்கிறாள். தாளிதப் புகை கண்களில் படிகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பாடலின் பொருளாகப் பலரும் எடுத்துரைப்பது இவ்வில்லறக் காட்சியையே.

ஆயினும் இப்பாடல் யார் யாரிடம் கூறியது என்பது நம் பொருளுக்கு அதனினும் முக்கியமானது. மகளின் புதுமனைக்குச் சென்று மீண்ட செவிலித்தாய் நற்றாய்க்கு உரைப்பதாக அமைந்தது இது. அதாவது, பெற்ற தாயின் கண்ணுக்கு எட்டாத ஓர் அடுக்களையை, அதனை நேரில் கண்ட ஒருத்தி, சொற்களால் தாயின் முன் கொணர்ந்து நிறுத்துகிறாள். மகள் நலமாக இருக்கிறாள் என்னும் செய்தியைச் செவிலி நேரடியாகக் கூறவில்லை. அவள் எவ்வாறு சமைக்கிறாள் என்பதைக் கூறுகிறாள். தாய்க்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

நற்றிணையின் 110ஆம் பாடலும் இவ்வகையில் நோக்கத்தக்கது. தேன் கலந்த பாலை உண்ண மறுத்து ஓடிய செல்வச் சிறுமி, கணவன் குடி வறுமையுற்ற காலத்தில் தந்தை வீட்டுச் சோற்றை நினையாது, உண்ணும் வேளையையும் குறைத்துக்கொண்டு வாழும் செய்தி அதில் வியப்போடு பேசப்படுகிறது. உணவுச் செய்தியின் உள்ளே வாழ்க்கைச் செய்தி பொதிந்திருப்பதை இவ்விரு பாடல்களும் காட்டுகின்றன. இன்று அயல்நாட்டில் பயிலும் மகள், தான் சமைத்த குழம்பின் படத்தைத் தாய்க்கு அனுப்புவதும் இதே மரபின் தொடர்ச்சி எனலாம். செவிலி சென்று மீண்ட வழியில் இன்று கைப்பேசி செல்கிறது.

2. கைப்பக்குவம் என்னும் சொல்லா அறிவு

மைக்கேல் பொலானி என்னும் அறிஞர் 1966இல் வெளியிட்ட நூலில் உள்ளுறை அறிவு பற்றி விரிவாக விளக்கினார். ஒருவர் அறிந்திருப்பவை யாவும் அவரால் எடுத்துரைக்கத் தக்கவை அல்ல என்பது அவர் கோட்பாட்டின் சாரம். மிதிவண்டி ஓட்டுபவர் எவ்வாறு நிலைதடுமாறாமல் செல்கிறார் என்பதை அவரால் விளக்க இயலாது. ஆயினும் அவர் ஓட்டுகிறார். தமிழில் ‘கைப்பக்குவம்’, ‘கைமணம்’, ‘கண்ணளவு’, ‘பதம்’ என்னும் சொற்கள் இவ்வுள்ளுறை அறிவையே குறிக்கின்றன. கையும் கண்ணும் அறிந்திருப்பதை வாய் அறிவதில்லை என்பதை இச்சொற்களே ஒப்புக்கொள்கின்றன.

இவ்வறிவு மூன்று வகைச் சொற்களில் ஓரளவு வெளிப்படுகிறது. முதலாவது, அளவுச் சொற்கள். சிட்டிகை, கைப்பிடி, நெல்லிக்காய் அளவு புளி, கொட்டைப்பாக்கு அளவு வெல்லம் முதலியன உடலையும் அறிந்த பொருள்களையும் அளவுகோலாகக் கொண்டவை. படி என்பது 2 உரி. உரி என்பது 2 உழக்கு. உழக்கு என்பது 2 ஆழாக்கு என்னும் முகத்தலளவை முறையும் வீடுகளில் வழங்கியது. மலாயாத் தோட்டப்புறங்களில் கெட்டிப்பால் டின்னே அரிசி அளக்கும் கலமாயிற்று. இன்றும் மூத்தோர் பலர் ‘இரண்டு டின் அரிசி’ என்றே கணக்கிடுவர்.

இரண்டாவது, பக்குவக் குறிப்புகள். பச்சை வாசனை போகும்வரை வதக்குதல், எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறுதல், நுரைகூடி வரும்போது இரசத்தை இறக்குதல், பாகு கம்பிப்பதம் அடைதல் ஆகியன இவ்வகையின. இவற்றுள் கடிகாரம் இல்லை. மூக்கும் கண்ணும் செவியுமே கருவிகள். இவை தெளிவற்றவை என்று எண்ணுதல் பொருந்தாது. எண்ணெய் பிரிதல் என்பது அரைத்த மசாலாவில் இருந்த நீர் பெரும்பாலும் ஆவியாகிவிட்டது என்பதற்கான அறிகுறி. கடுகு வெடித்தல் என்பது அதனுள் இருந்த ஈரம் ஆவியாகித் தோலைப் பிளந்ததற்கான அறிகுறி. அடுப்பின் வெப்பமும் பாத்திரத்தின் கனமும் வீட்டுக்கு வீடு வேறுபடுவதால், ‘ஐந்து நிமிடம்’ என்பதைவிட ‘எண்ணெய் பிரியும்வரை’ என்பதே துல்லியமான குறிப்பு ஆகும்.

மூன்றாவது, வினைச்சொற்கள். எண்ணெயின்றிச் சூடாக்குவது வறுத்தல். சிறிதளவு எண்ணெயில் துவளச் செய்வது வதக்குதல். மிகுந்த எண்ணெயில் மூழ்கச் செய்வது பொரித்தல். சூடான எண்ணெயில் கடுகு முதலியவற்றை இட்டு மணம் கூட்டுவது தாளித்தல். ஆவியில் வேகச்செய்வது அவித்தல்; நீரைக் குறைப்பது சுண்டவைத்தல்; இலையையோ அப்பளத்தையோ தணலில் காட்டுவது வாட்டுதல். ஆங்கிலத்தில் ‘ஃப்ரை’ என்னும் ஒரே சொல்லும், மலாயில் ‘கோரெங்’ என்னும் ஒரே சொல்லும் இவற்றுள் பலவற்றுக்கு நிற்கின்றன. ‘ஃப்ரை பண்ணு’ என்று மட்டுமே கூறப் பழகிய குழந்தை மூன்று நான்கு வினைகளை இழக்கிறது. அவற்றோடு அவை பகுத்துக் காட்டிய செயல்முறை வேறுபாட்டையும் இழக்கிறது.

3. கடிதத்திலிருந்து நூலுக்கு

சொல்லா அறிவு எப்போது சொல்லாகிறது? கேட்பவர் அருகில் இல்லாதபோது என்பதே விடை. அருகில் நிற்கும் மகளுக்குத் தாய் எதனையும் விளக்க வேண்டியதில்லை. ‘பார்த்துக்கொள்’ என்றால் போதும். மகள் மணமாகி வேற்றூர் சென்று, ‘அந்த வற்றற்குழம்பை எப்படி வைப்பது?’ என்று கடிதம் எழுதும்போதுதான் தாய் தன் கை செய்வதைத் தானே கவனிக்கத் தொடங்குகிறாள்.

தமிழில் பெரும் புகழ்பெற்ற சமையல் நூலான எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. குறிப்புகள் கேட்டு உறவினர்கள் அவருக்குத் தொடர்ந்து எழுதிவந்ததாகவும், அவற்றை நூலாக்குமாறு குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தூண்டியதாகவும் கூறுவர். எனவே அந்நூலுக்குப் பின்னாலும் தொலைவில் இருந்தவர்களின் கேள்விகளே நிற்கின்றன. திருமணமாகிப் பெற்றோர் வீட்டைவிட்டுச் செல்லும் பெண்களுக்குச் சீராகவே அந்நூல் பிற்காலத்தில் வழங்கப்பட்டதும் இதனோடு இயைந்ததாகும்.

அர்ஜுன் அப்பாதுரை 1988இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியாவின் ஆங்கிலச் சமையல் நூல்கள் வட்டார உணவுகளை ஒரு தேசிய உணவுமுறையாக எவ்வாறு தொகுத்தன என்பதை ஆராய்ந்தார். நூல் அறிவைப் பரப்புகிறது. அதேவேளை அதனைச் சீர்மைப்படுத்தவும் செய்கிறது. ஓர் ஊரின், ஒரு குலத்தின், ஒரு வீட்டின் பக்குவம் ‘தென்னிந்திய உணவு’ என்னும் பொதுப்பெயருள் அடங்கிவிடுகிறது. மேலும், நூலிடம் மறுகேள்வி கேட்க முடியாது. ‘புளி கரைத்தது கெட்டியாகிவிட்டது, இப்போது என்ன செய்வது?’ என்னும் ஐயத்துக்கு அச்சிட்ட பக்கம் விடை தருவதில்லை. கடிதம் விடை தந்தது. ஆனால் குழம்பு ஆறிப்போன பின்னரே தந்தது.

4. இல்லாமையில் பிறந்த படைப்பூக்கம்

மலாயாத் தமிழரின் சமையல், இடப்பெயர்வும் பற்றாக்குறையும் ஊட்டி வளர்த்த ஒரு படைப்பு. தோட்டத்து லயங்களில் குடியேறியோர் தம் ஊர்ப் பக்குவத்தை நினைவில் கொணர்ந்தனர்; ஆனால் ஊர்ப் பொருள்கள் யாவும் இங்குக் கிடைக்கவில்லை. கிடைத்த நெத்திலியும் கருவாடும் தேங்காய்ப்பாலும் அவர்கள் குழம்பில் இடம்பெற்றன. பாண்டான் இலை நெய்ச்சோற்றில் சேர்ந்தது. செரை என மலாயில் வழங்கும் எலுமிச்சைப்புல் கோழிக்கறியில் நுழைந்தது. பெலாச்சான் சேர்ந்த சம்பல் தோசைக்குத் துணையாயிற்று. பொருளோடு அதன் பெயரும் நம் வீட்டுத் தமிழுக்குள் வந்தது. பாண்டான் இலையை ஈழத்தமிழர் ரம்பை என்பர். நாம் மலாய்ப் பெயராலேயே வழங்குகிறோம். ஒரு குடும்பம் எந்நிலத்தில் வேர்கொண்டது என்பதை அதன் குழம்புச் சொற்களே காட்டிவிடுகின்றன.

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சிக்காலம் இதற்குக் கடுமையான சான்று. அரிசி அரிதானபோது மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மலாயா, சிங்கப்பூர் மக்கள் பலருக்கும் முதன்மை உணவாயின. அரிசிமாவு இருக்க வேண்டிய இடத்தில் கிழங்குமாவு இருந்தது. அக்காலப் பசியைச் சுவைமிக்க நினைவாக மாற்றுதல் தகாது. பலர் அதில் மாண்டனர். ஆயினும், இருப்பதைக் கொண்டு உண்ணத்தக்க ஒன்றை ஆக்கித் தீரவேண்டும் என்னும் நெருக்கடியில் நம் பாட்டிமார் காட்டிய படைப்பூக்கத்தை நாம் படைப்பாகவே மதிக்க வேண்டும். அதனை எழுதி வைத்தோர் மிகச் சிலர். பெரும்பகுதி வாய்வழியே வந்து, அவ்வாய்களோடு மறைந்தது.

5. இணையத்தின் வருகையும் 2020ஆம் ஆண்டும்

தமிழை இணையத்தில் ஏற்றும் முயற்சியில் நம் இரு நாடுகளுக்கும் தனிப்பங்குண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முத்து நெடுமாறனும் 1990களில் ஆற்றிய பணிகளும், 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழிணைய மாநாடும் நன்கறியப்பட்டவை. அக்காலத்தில் எழுத்துருவும் விசைப்பலகையுமே முதன்மைச் சிக்கல்களாக இருந்தன. தமிழில் தட்டச்சுச் செய்யத் தெரிந்தவர் மட்டுமே இணையத்தில் தமிழ் வழங்க இயன்றது. அடுக்களையில் இருந்த மூத்த பெண்களுள் பலருக்கு அவ்வாயில் திறக்கவில்லை.

அவ்வாயிலைத் திறந்தது குரல். 2005இல் யூடியூப் தொடங்கியது. 2013இல் வாட்சப் செயலியில் குரல்பதிவு அனுப்பும் வசதி வந்தது. எழுதப் படிக்க அறியாத பாட்டியும் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் போதும் என்னும் நிலை ஏற்பட்டது. எழுத்துத்தமிழ் இணையத்துக்கு அறிஞர்கள்வழி வந்தது. பேச்சுத்தமிழ் அங்கே குடும்பங்கள்வழி வந்தது எனலாம்.

2020ஆம் ஆண்டு இதனை இன்றியமையாததாக்கியது. மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 7 முதல் சூன் 1 வரை சிங்கப்பூரில் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பிலிருந்தது. இரு நாடுகளையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் மட்டுமே. நாள்தோறும் பல்லாயிரவர் கடந்த அப்பாதை அன்றாடப் பயணிகளுக்கு அடைபட்டது. தடுப்பூசி இட்டோர்க்கான தரைவழிப் பயணம் 2021 நவம்பர் 29 அன்றுதான் தொடங்கியது. எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1 அன்று. இடையில் இரண்டு தீபாவளிகள் கடந்தன. ஜொகூர் பாருவில் தாயும் உட்லண்ட்ஸில் மகளுமாக, கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தும் முறுக்குப் பிழிய ஒன்றுகூட இயலாத குடும்பங்கள் பல. அவ்வீடுகளில் முறுக்குமாவின் பதம் திரையின்வழியே கற்பிக்கப்பட்டது. ‘கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும், அழுத்தினால் விரிசல் விடக்கூடாது’ என்னும் விளக்கம் அதற்கு முன் அக்குடும்பங்களில் சொல்லாக வெளிப்பட்டிருக்க வாய்ப்பில்லை. தாயின் கை அருகில் இருந்தவரை அது தேவைப்படவில்லை.

பொதுவெளியிலும் இக்காலத்தில் வீட்டுச் சமையல் பெருங்கவனம் பெற்றது. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு, பவித்ரா இணையர் தம் எளிய அடுக்களையிலிருந்து மலாய்மொழியில் பேசி வெளியிட்ட காணொளிகள் 2020இல் நாடெங்கும் எல்லா இனத்தவராலும் பார்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டச் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த தாத்தாவும் பேரர்களும் நடத்திய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. முன்னது, தோட்டத்துத் தமிழரின் சமையல் தேசியமொழியின்வழிப் பிற இனத்தவரின் இல்லங்களுக்குள் உறவோடு நுழைந்ததைக் காட்டுகிறது. பின்னது, சிற்றூர்ப் பேச்சுத்தமிழ் உலகெங்கும் செவிமடுக்கப்படுவதைக் காட்டுகிறது. இரண்டும் மதிக்கத்தக்கவை. எனினும், கைப்பக்குவம் சொல்லாகும் நிகழ்வு இவற்றைவிடச் சிறிய இடமொன்றில், இரண்டு மூன்று பேருக்கு இடையில், தெளிவாகப் புலப்படுகிறது.

6. ஒரு மாவுப்பானையின் வழியே

இக்கட்டுரையாளரின் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை இதற்கு எடுத்துக்காட்டலாம். மெல்பர்னில் பயிலும் மகள் ஒரு சூலை மாதத்தில் முதன்முறையாக இட்லிக்கு அரைத்தாள். தாயுடன் அவள் நடத்திய உரையாடல் ஏறத்தாழப் பின்வருமாறு அமைந்தது.

“எத்தனை மணி நேரம் வைக்கணும் அம்மா?”

“பொங்கி வர்ற வரைக்கும் வை.”

“பன்னிரண்டு மணி நேரம் ஆச்சு. பொங்கவே இல்லையே!”

“கையால கலக்கினியா?”

“கரண்டியாலதான்.”

“உளுந்து மாவை ஒரு சொட்டுத் தண்ணியில போட்டுப் பார்த்தியா? மிதந்துச்சா?”

“அதை நீங்க சொல்லவே இல்லையே அம்மா.”

தாய் அதனை முன்னர்க் கூறாமைக்குக் காரணம் மறதியன்று. உளுந்து நன்கு அரைபட்டதை அவர் விரல்கள் தாமே அறிந்துவந்தன. நீரில் இட்டுப் பார்க்கும் சோதனையைத் தம் தாயிடம் கண்டிருந்தும் தமக்கு அது தேவைப்படாமற் போயிற்று. மகளின் தோல்வி அதனை நினைவின் அடியிலிருந்து மேலே கொணர்ந்தது.

அடுத்து எழுந்தது குளிர் பற்றிய பேச்சு. மாவு புளிப்பது நுண்ணுயிர்களின் செயல். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக உள்ள நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்க, அவ்வாயு மாவில் அடைபட்டு அதனைப் பொங்கச் செய்கிறது. நம் நாட்டில் ஆண்டு முழுதும் நிலவும் வெப்பத்தில் இஃது ஓர் இரவில் முடிகிறது. மெல்பர்னின் குளிர்காலத்தில் முடிவதில்லை. ‘ராத்திரி அரைத்துக் காலையில் ஊற்று’ என்னும் நம் வீட்டு விதிக்குள் மலேசியாவின் தட்பவெப்பம் சொல்லப்படாமலே அடங்கியிருந்தது. விதி வேற்று நிலத்துக்குச் சென்றபோதுதான் அதனுள் ஒளிந்திருந்த நிலம் வெளிப்பட்டது.

தாயிடம் இதற்கு விடையில்லை. அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி விடை கூறினார். தோட்டத்தில் அடைமழைக் காலத்தில் மாவு பொங்காவிட்டால், விறகடுப்பை அணைத்தபின் சாம்பலின் கணகணப்பு ஆறுவதற்குள் பானையைச் சாக்கில் சுற்றி அடுப்பங்கரையில் வைப்பார்களாம். ‘கணகணப்பு’ என்னும் சொல்லை மகள் அறிந்திருக்கவில்லை. ‘தொட்டால் சுடாது, பக்கத்தில் போனால் தெரியும்’ என்று பாட்டி விளக்கினார். மகள் சற்றே எண்ணிப் பார்த்து, மின்அடுப்பை இயக்காமல் அதனுள் இருக்கும் சிறு விளக்கை மட்டும் எரியவிட்டு, கம்பளித் துணி சுற்றிய பாத்திரத்தை உள்ளே வைத்தாள். மறுநாள் காலையில் மாவு பொங்கி வழிந்த படம் வந்து சேர்ந்தது.

இந்நிகழ்வில் படைப்பூக்கம் யாருக்குரியது? பாட்டியின் சாம்பலும் பேத்தியின் விளக்கும் தனித்தனியே போதியவையாக இல்லை. தொலைவு ஒரு கேள்வியை எழுப்பியது, கேள்வி நினைவைக் கிளர்த்தியது, நினைவு சொல்லாயிற்று, சொல் புதுநிலத்தில் புதுவழியைக் காட்டியது. மூன்று தலைமுறை ஒருசேர ஆக்கிய படைப்பு அது. ஒரே அடுக்களையில் மூவரும் இருந்திருப்பின் மாவு இயல்பாகப் பொங்கியிருக்கும். ‘கணகணப்பு’ பேத்தியின் சொல்லாகியிராது.

7. பார்த்தலும் கேட்டலும், இருத்தலும் இழத்தலும்

எனவே இணையவழி நிகழும் சமையல் அனைத்தும் ஒருதன்மையன அல்ல. காணொளியைப் பார்த்தல் ஒன்று. தெரிந்தவரைக் கேட்டல் மற்றொன்று. பார்ப்பவர் எண்ணிக்கை பெருகப் பெருக, கண்ணுக்கு இனியதே முதன்மை பெறுகிறது. நிறமும் ஆவியும் வேகமான வெட்டுகளும் மிகுந்து, பக்குவக் குறிப்புகள் குறைகின்றன. தோற்றுப்போன மாவு அங்கே காட்டப்படுவதில்லை. ஆனால் அறிவு சொல்லாவது தோல்வியின் இடத்தில்தான் என்பதை மேலே கண்டோம். தவறியதைக் கூச்சமின்றிக் காட்டத்தக்க உறவு இருக்கும் இடத்திலேயே கைப்பக்குவம் கைமாறுகிறது.

மொழி நோக்கிலும் இவ்வேறுபாடு பெரிது. சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் எனக் குறிப்பிட்ட இந்தியர் 2010இல் 36.7 விழுக்காட்டினர், 2020இல் அது 27.7 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்வதில் இல்லமே அடிப்படைக் களம் என்பதை ஜோசுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். இல்லம் என்னும் களத்துக்குள்ளும் கடைசியாகத் தமிழ் ஒதுங்கி நிற்கும் மூலை பெரும்பாலும் அடுக்களையே. பேரப்பிள்ளை பாட்டியிடம் தமிழில் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டெனில், அது பெரும்பாலும் சமையல் பற்றியதாகவே இருக்கும்.

இச்சொற்கள் சொல்லப்பட்டுவிட்டன என்பதனாலேயே காக்கப்பட்டுவிட்டன என்று கருதலாகாது. கட்டுரையாளரின் பெரியம்மா ஒருவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தம் மருமகளுக்கு ஈராண்டுக் காலம் குரல்பதிவுகளில் சமையல் கூறிவந்தார். பலாக்கொட்டைக் கூட்டு, மரவள்ளி அடை, கருவாட்டுக் குழம்பு என அவை நீண்டன. இடையிடையே லயத்து வாழ்க்கையும் வந்தது. அவர் மறைந்த சில மாதங்களில் மருமகளின் கைப்பேசி பழுதுற்றது; பதிவுகள் எவையும் வேறிடத்தில் சேமிக்கப்பட்டிருக்கவில்லை. இன்று அக்குடும்பத்தில் அடையின் சுவை நினைவிருக்கிறது, செய்முறை பாதி இருக்கிறது, குரல் இல்லை. ஏட்டுச்சுவடிகள் கறையானுக்கு இரையானதை எண்ணி வருந்தும் நாம், நம் கண்ணெதிரே அழியும் இச்சுவடிகளைச் சுவடிகளாகவே காணவில்லை.

8. வகுப்பறையில் அடுக்களைத் தமிழ்

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் தர வலியுறுத்தியது. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. இவ்விரு சூழல்களிலும் அடுக்களைத் தமிழைப் பாடப்பொருளாக்குவது எளிது. அதற்குப் புதிய பாடநூல் தேவையில்லை. மூன்று பயிற்சிகளை இங்கு முன்மொழியலாம்.

முதலாவது, வினைச்சொல் தொகுப்பு. மாணவர் தம் வீட்டு மூத்தவர் ஒருவர் சமைப்பதைக் கண்டு அல்லது கேட்டு, அவர் வழங்கும் வினைகளை மட்டும் குறித்துவருதல் வேண்டும். வறுத்தலுக்கும் வதக்குதலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டியலால் கற்பதைவிட வெங்காயத்தால் கற்பது நிலைக்கும். ‘வதக்கு, வதக்கினேன், வதங்கியது’ எனப் பிறவினை தன்வினை வேறுபாட்டையும் இதனோடு இணைத்துக் கற்பிக்கலாம்.

இரண்டாவது, ‘எதுவரை?’ என்னும் கேள்வி. செய்முறை ஒவ்வொன்றிலும் ‘எத்தனை நிமிடம்?’ என்று கேளாது, ‘எதுவரை? எப்படித் தெரியும்?’ என்று மாணவர் மூத்தவரைக் கேட்க வேண்டும். சொல்லா அறிவு வெளிப்படுவது இக்கேள்விக்கே. விடைகளில் வரும் உவமைகளும் ஒலிக்குறிப்புச் சொற்களும் மொழிவளத்துக்கு நல்ல வித்தாகும்.

மூன்றாவது, குரலிலிருந்து எழுத்துக்கு மாற்றுதல். ஒரு குரல்பதிவை முதலில் பேசியவாறே எழுதுதல். பின்னர் அதனை எழுத்துத்தமிழில் மாற்றுதல். இருவகைத் தமிழுக்கும் இடையிலுள்ள தொடர்பை மாணவர் தம் குடும்பத்தார் சொற்களிலேயே உணர்வர். பேசியவாறே எழுதியதைத் திருத்தி அழித்துவிடலாகாது, அதுவே ஆவணம். மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அதில் வரின் அவையும் இருக்கட்டும். பதிவின் நாள், பேசியவரின் பிறந்த இடம், உறவுமுறை ஆகியவற்றைக் குறித்து, பேசியவரின் இசைவோடு இரண்டு இடங்களில் சேமிக்கச் செய்தல் வேண்டும்.

சமையலைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக்கும் பழைய வழக்கத்துக்கு இப்பயிற்சிகளில் இடமிருத்தல் கூடாது. தமிழ்த் திருமணங்களின் பந்திச் சமையலில் ஆண்களின் கைப்பக்குவம் ஓங்கியிருப்பதை மாணவர் அறிவர். கேட்பதற்கும் எழுதுவதற்கும் எல்லாப் பிள்ளைகளும் உரியர்.

முடிவுரை

செவிலி ஒருத்தி கண்டு உரைத்த புளிக்குழம்பு இரண்டாயிரம் ஆண்டுகளை ஒட்டிய காலம் கடந்து நம்மிடம் நிற்கக் காரணம், அதனை ஒருவர் சொல்லாக்கினார், பலர் படியெடுத்தனர் என்பதே. இணையம் இன்று சொல்லாக்கும் வாய்ப்பை ஒவ்வோர் இல்லத்துக்கும் தந்துள்ளது. தொலைவு பிரித்தவர்களிடையே கேள்வி பிறக்கிறது. கேள்வியால் கைப்பக்குவம் தமிழாகிறது. படியெடுக்கும் பணி மட்டுமே எஞ்சியுள்ளது. அதற்கு அறிஞர் குழுவோ பெருநிதியோ வேண்டியதில்லை. ஒரு மாணவர், ஒரு பாட்டி, ‘எதுவரை வதக்க வேண்டும் பாட்டி?’ என்னும் ஒரு கேள்வி ஆகியவை இருப்பின் அப்பணியைத் தொடங்கலாம். விடை கூற வல்லோர் நம்மிடையே இருக்கும் காலத்திலேயே அது தொடங்கப்பட வேண்டும்.